மக்காச்சோளத்துக்கு மக்கிய எரு இட்டால் யூரியாவை நிறுத்திவிடலாமா?

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளம் விதைப்பவன் நான். எருவை மட்டும் நம்பி முதல் ஆண்டிலேயே யூரியாவை நிறுத்தினால் கதிர் சிறுத்துவிடும். இரண்டையும் சேர்த்து இடுவதே நல்லது.

இறவையில், அதாவது பாசன நிலத்தில், வீரிய ஒட்டு ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அடித்தாலும், அதில் தழைச்சத்து ஏறத்தாழ அரை சதவீதமே என்பதால் மொத்தம் 25 கிலோதான் சேரும். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. ஆக, ஐந்து டன் எரு முதல் பருவத்தில் அரை மூட்டை யூரியாவுக்குக்கூட ஈடாகாது.

அப்படியானால் எருவுக்கு ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த கரிசலில் டிஏபி உரத்தின் மணிச்சத்தைச் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. துத்தநாகம் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் குருத்து வெளுக்கிறது. மக்கிய எரு அந்தச் சத்துகளை வேருக்கு எட்டும் நிலையில் வைத்திருப்பதோடு, யூரியாவிலிருந்து வரும் அமோனியத்தையும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. ஈரத்தைத் தாங்கும் அதன் குணமோ, பூவெடுக்கும் சமயத்தில் மழை தள்ளிப்போனால் கதிரின் நுனிவரை மணி பிடிப்பதற்கு உதவுகிறது. இட்ட உரம் வீணாகாமல் பயிருக்குப் போய்ச் சேர்வதுதான் எருவின் உண்மையான பலன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில், தட்டை (காய்ந்த பயிர்த்தண்டு) கலந்து பாதி மட்டுமே மக்கிய குப்பையை விதைப்புக்குச் சற்று முன் அடித்துவிட்டேன். விதைக்கும்போது இடும் அடியுரத்தை இட்டிருந்தும் இருபதாம் நாளில் பயிர் மஞ்சளடித்து நின்றது. கரிச்சத்து மிகுந்த அந்தத் தட்டையை மக்கச் செய்ய நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தை எடுத்துக்கொண்டதே காரணம். குவியலுக்குள் கைவிட்டால் சூடு இருக்கக் கூடாது, தட்டை அடையாளம் தெரியக் கூடாது, மண்வாசனை வர வேண்டும்.

எருவைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) முழுமையாக அடியுரமாகப் போகட்டும். தழைச்சத்தில் கால் பங்கை அடியுரமாகவும், பாதியை விதைத்த 25ஆம் நாளிலும், மீதியை 45ஆம் நாளிலும் பிரித்து இட்டு, ஒவ்வொரு முறையும் மண் அணைத்து மூடுங்கள். மேலே தூவி அப்படியே விட்டால் யூரியா அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

ஐந்து டன் எருவுக்கு வழியில்லாதவர்கள், ஏக்கருக்கு 300 கிலோ தொழுவுரத்தில் இட வேண்டிய சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தைக் கலந்து, ஈரப்பதத்துடன் ஒரு மாதம் மூடிவைத்து, ஊட்டமேற்றிய தொழுவுரமாக இடலாம். மானாவாரிக் கரிசலுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது.