எட்டு மாத வாள்வீச்சுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

வயது 26. எட்டு மாதங்களாக வாள்வீச்சுப் பயிற்சிக்குப் போகிறேன், எபே பிரிவு. முன்னேறுவது, பின்வாங்குவது, பாய்வது, தடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது தினமும் அதே நான்கு பேருடன்தான் மோதுகிறேன். என் அசைவுகள் அவர்களுக்கு மனப்பாடம். பயிற்சியாளரின் கவனமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மேல். சேபர் என்ற வேறு வாள் பிரிவுக்கு மாறிவிடலாமா, சொந்த வாள் வாங்கினால் பயன் உண்டா?

வி., கோவை

அன்புள்ள வி.,

மாற வேண்டாம். பள்ளியில் மற்ற பிரிவுகளில் இடம் நிரம்பிவிட்டதால் சேபருக்கு வந்தவர் பவானி தேவி. தொடக்கத்தில் மூங்கில் கழியில் பழகியவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கி, இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனை ஆனார். கிடைத்த பிரிவில் ஊன்றி நின்றார், அவ்வளவுதான்.

அந்த நால்வரும் உங்களை எதைப் பார்த்துக் கண்டுகொள்கிறார்கள் என்று கேட்டீர்களா? கேளுங்கள். என் ஊகம்: உங்கள் கை நீளும் முன்பே முன்னங்கால் கிளம்பிவிடுகிறது. புதியவர்கள் பெரும்பாலோர் இப்படித்தான். எபேயில் உச்சி முதல் பாதம் வரை எங்கு தொட்டாலும் புள்ளி; வாள்முனை 750 கிராமுக்கு மேல் அழுந்தினால் புள்ளி காட்டும் விளக்கு எரியும். கை மடங்கியிருக்க உடல் மட்டும் முன்னே போனால், எதிராளி பாயவே வேண்டாம். நின்ற இடத்தில் கையை நீட்டினால் உங்கள் மணிக்கட்டு தானாக வந்து அதில் மோதும். ஒரு மாதம் எதிராளியின் மணிக்கட்டை மட்டுமே குறிவைத்து ஆடுங்கள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்பீர்கள். தோற்றுப்போங்கள்.

அடுத்தது, நடுவராக நில்லுங்கள். பயிற்சிக்கூடங்களில் யாரும் விரும்பாத வேலை இது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடமும் இல்லை. எபேயில் இருவரும் நொடியின் 25இல் ஒரு பங்குக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி, தகராறு இல்லை. மற்ற இரு பிரிவுகளான ஃபாயிலிலும் சேபரிலும் இரண்டு விளக்கும் எரிந்தால் தாக்குதலைத் தொடங்கியவர் யார் என்று நடுவர்தான் சொல்லியாக வேண்டும். அங்கே போய் நின்றால், வாள்முனையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் மெல்லக் காலுக்கும் தோளுக்கும் நகரும். பிள்ளைகளின் ஆட்டங்களை நீங்கள் பார்த்துக்கொண்டால் பயிற்சியாளருக்கும் கை ஒழியும். உங்களுக்குத் தனியாகப் பத்து நிமிடம் கேட்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

மாவட்டப் போட்டி வந்தால் பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் சுற்றில் குழுவில் உள்ள எல்லோருடனும் ஆடலாம்: ஐந்து புள்ளி, மூன்று நிமிடம். உங்களை மனப்பாடம் செய்யாத முகங்கள். நேரத்துக்குப் போங்கள். 14 வயதில், துருக்கியில் நடந்த தன் முதல் சர்வதேசப் போட்டிக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்து, போட்டியிலிருந்தே வெளியேற்றும் கறுப்பு அட்டையை வாங்கியவர்தான் பவானி தேவியும்.

வாங்குவதானால் முதலில் கையுறை, பிறகு முகக்கவசம். பொதுக் கவசத்தின் வாடை உங்களுக்கே தெரிந்திருக்கும். தலையை வேகமாக ஆட்டினாலும் நழுவாததாகப் பாருங்கள். வாள் பிறகு; எந்தப் பிடி உங்கள் கைக்கு ஒத்துவரும் என்று பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாளைப் புள்ளி விளக்கோடு இணைக்க உடைக்குள் ஓடும் மின்கம்பி மட்டும் இரண்டாக இருக்கட்டும். அது சரியாகப் போட்டியன்றுதான் பழுதாகும்.