ஆலோசகருக்கு யார் சொல்வது?

வணக்கம்.

கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் குடும்ப நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு இருபது ஆண்டுகளாக ஆலோசகராகவும் பயிற்றுநராகவும் இருக்கிறேன். சென்ற மாதம், ஒரு பின்னலாடை நிறுவனத்தில் அப்பாவிடமிருந்து பொறுப்பேற்றிருக்கும் இளைஞர், "சார், போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள்" என்றார். ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அடுத்த தலைமுறை மாறத் தயாராக இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த வார்த்தை உறுத்துகிறது. கோச்சிங்கில் அடுத்த நிலைச் சான்றிதழ் படிக்கலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். சான்றிதழ் பிறகு ஆகட்டும்.

"அடுத்த தலைமுறை மாறத் தயாராக இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்வர்டு பேராசிரியர் கிறிஸ் ஆர்ஜிரிஸ், நிர்வாக ஆலோசகர்களைப் பல ஆண்டுகள் நெருக்கமாக ஆராய்ந்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் பெரிய கல்லூரிகளில் படித்த கெட்டிக்காரர்கள். வேலை சரியாகப் போகாதபோது அவர்கள் சொன்ன காரணங்கள்: இலக்கு தெளிவாக இல்லை, மேலாளர் சரியில்லை, வாடிக்கையாளருக்குப் புரியவில்லை. அதில் தங்கள் பங்கு என்ன என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. தோற்றுப் பழகாதவர்களுக்குத் தோல்வியிலிருந்து கற்கவும் தெரிவதில்லை என்றார் ஆர்ஜிரிஸ். நம் தொழிலில் இது இன்னும் கடினம். கருத்துப் படிவத்தில் 'மிகச் சிறப்பு' என்று குறித்துக் கொடுப்பவர்கள், பிடிக்காவிட்டால் அடுத்த முறை கூப்பிடாமல் இருந்துவிடுவார்கள். நேரில் சொன்ன அந்த இளைஞர் உங்களுக்குப் பேருதவி செய்திருக்கிறார்.

ஆர்ஜிரிஸ் ஒரு பயிற்சி தந்திருக்கிறார். தாளை இரண்டாகப் பிரியுங்கள். வலப்பக்கம், அன்று இருவரும் பேசியது. இடப்பக்கம், நீங்கள் நினைத்துச் சொல்லாமல் விட்டது. வலப்பக்கம் "அப்பாவிடம் இதைப் பேசிப் பார்த்தீர்களா?" என்று இருக்கும். அதற்கு நேரே இடப்பக்கம் "இவருக்கு அப்பாவிடம் பயம்" என்று இருக்குமானால், நீங்கள் கேட்டது கேள்வியே அல்ல. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடியிருக்கிறீர்கள். எதிரில் இருப்பவருக்கு அது புரியாமல் இருக்காது.

ஆனால் நினைவு நம் பக்கமே சாயும். வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, எட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு தன் திறமை ஒரே இடத்தில் நின்றுவிட்டதாக உணர்ந்தார். தனக்குக் கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்றிருந்த ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்குக்கே அழைத்துப் பார்க்கச் சொன்னார். 2011இல் அதைப் பற்றி எழுதினார். அன்றைய தைராய்டு அறுவை நன்றாகவே முடிந்திருந்தது. ஆனால் ஆஸ்டீன் நிறையக் குறித்து வைத்திருந்தார். முழங்கை சில சமயம் தோள் உயரத்துக்குப் போய்விடுகிறது. விரித்த துணி கவாண்டேக்கு வசதியாகவும் எதிரில் நின்ற உதவியாளருக்கு இடைஞ்சலாகவும் இருந்தது. விளக்கின் ஒளி அறுத்த இடத்தைவிட்டு விலகி அரைமணி நேரம் போல ஆகியும் கவாண்டே கவனிக்கவில்லை. இதில் ஒன்றையாவது எந்த வகுப்பறை அவருக்குச் சொல்லியிருக்கும்?

உளப்பகுப்பாய்வாளர்கள் பயிற்சிக் காலத்தில் தங்கள் அமர்வுகளை மூத்தவர் ஒருவரிடம் எடுத்துச்சென்று பேசுவது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் கோச்சிங் துறையிலும் இது இருக்கிறது. நம் ஊரிலோ மூத்தவர் என்றாலே கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்று ஆக்கிவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

உங்களிடம் எந்தக் காரியமும் ஆக வேண்டியிராத ஒருவரைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ ஆலை மேலாளராகவோ இருக்கலாம். ஓர் அமர்வின் ஒலிப்பதிவை அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். பதில் தெரிந்துகொண்டே எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், வாடிக்கையாளர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை எங்கே நீங்களே முடித்து வைத்தீர்கள் என்று அவர் குறிக்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் தராதீர்கள். பதிவு செய்வதற்கு முன் வாடிக்கையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். யார் கேட்கப் போகிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.