எண்ணெய் வந்தால் பின்னலுக்கு ஆள் ஏது?

கேள்வி: மச்சினன் மகன் வெல்டர். தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவில் கடல் எண்ணெய் வேலை இருக்கிறது என்று ஏஜென்ட் கூப்பிடுகிறார். அப்படி ஒரு மூலையில் எண்ணெய் கிடைத்தால் உள்ளூர்க்காரர்களுக்கு என்னதானுங்க மிஞ்சும்?
– வெள்ளகோவில் வாசகர்

பதில்: அது எண்ணெய் வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன பேசி வைத்தார்கள் என்பதைப் பொறுத்ததுங்க. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகள் இருக்கின்றன. 1971-இல் அங்கே சுமார் 17,000 பேர்தான். மீன், ஆடு, கம்பளிப் பின்னல், இதுதான் பிழைப்பு. அந்த வருடமே பக்கத்துக் கடலில் பிரென்ட் எண்ணெய் வயல் கிடைத்தது. சல்லம் வோ என்ற இடத்தில் எண்ணெய் முனையம் (கடலிலிருந்து குழாயில் வரும் எண்ணெயைச் சேர்த்துக் கப்பலில் ஏற்றும் இடம்) கட்ட வெளியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். முகாம்கள் போதாமல் கப்பல்களைக் கரையில் கட்டித் தங்கவைத்தார்கள். பத்து வருடத்தில் மக்கள்தொகை 22,000-ஐத் தாண்டியது.

முதல் அடி பின்னலுக்குத்தான். வீட்டிலிருந்து ஸ்வெட்டர் பின்னிய பெண்கள், முகாமில் சமையல், துப்புரவு வேலைக்கே கூடுதல் கூலி என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். மீன் பதப்படுத்தும் கூடங்களுக்கும் ஆள் தட்டுப்பாடு. நமக்கு இதென்ன புதுசா? காங்கயம் பக்கம் எங்கள் ஊரில் விடிந்ததும் பனியன் கம்பெனி வேன் ஆரன் அடிக்கும். அது போனபிறகு தோட்ட வேலைக்கு ஆள் தேட முடியாது. போன பட்டத்தில் நானும் வீட்டுக்காரியும்தான் கடலைக்கொடி பிடுங்கினோம். (அங்கே பின்னலை விட்டு ஓடினார்கள், இங்கே பின்னலுக்கு ஓடுகிறார்கள்!)

ஆனால் ஷெட்லாந்துக்காரர்கள் விவரமானவர்கள். எண்ணெய் கரைக்கு வந்தது 1978-இல். 1974-லேயே நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்கித் துறைமுகத்தைத் தங்கள் கவுன்சில் கையில் வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு ஒரு முனையம் என்று கரையெல்லாம் கட்ட விடவில்லை. ஊர் அமைதியைக் கலைப்பதற்கு ஈடாகக் கம்பெனிகளிடம் வாங்கிய பணத்தை அறக்கட்டளையில் போட்டார்கள். முதியோர் இல்லம், நீச்சல்குளம் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

கயானா வேறு மாதிரி. எண்ணெய் கிடைத்தது 2015-இல். 2016 ஒப்பந்தப்படி எடுக்கும் எண்ணெய்க்காக கம்பெனி அரசுக்குத் தரும் ராயல்டி வெறும் 2 சதவீதம். மாதா மாதம் எண்ணெய் வருமானத்தில் 75 சதவீதம் வரை கம்பெனி செலவுக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மீதியில்தான் அரசுக்கும் கம்பெனிக்கும் ஆளுக்குப் பாதி. சுமார் 8 லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்கு அதுவே பெரும்பணம் என்பதும் உண்மைதான். ஆனால் தலைநகர் ஜார்ஜ்டவுனில் வீட்டு வாடகையும் கூடவே ஏறிவிட்டது. அதனால் ஏஜென்ட் அரசுப் பதிவு பெற்றவரா, தங்குமிடம் கம்பெனி செலவா என்று பார்த்துவிட்டுப் பையனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.