சித்தப்பாவும் ஒரு விசிலும்

அன்புள்ள அக்கா,

அம்மா அடுத்த மாதம் முதல்முறையாக விமானத்தில் டெல்லி போகிறார். காந்தஹார் கடத்தலைப் பற்றி யாரோ சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். எல்லா விமானத்திலும் பயிற்சி பெற்ற அதிகாரிகளைத் துப்பாக்கியோடு உட்கார வைத்தால் என்ன? செலவு ஒரு காரணமா? சந்தேகப்படும்படி ஒருவன் எழுந்தால் சுட்டுவிட வேண்டியதுதானே? ஆளைப் பார்த்தாலே தெரியாதா?

ஒரு வாசகன், எருக்கஞ்சேரி

அன்புள்ள தம்பி,

அம்மாவைத் தைரியமாக அனுப்பு. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏற்றிவிட்டால் நேரே விமான நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். கூடவே போய் வழியனுப்பிவிட்டு வா.

செலவுக் கணக்கு கிடக்கட்டும். 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதற்குப் பிறகு நம் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் சாதாரண உடையில் சில விமானங்களில் போகிறார்கள். போகட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானி அறைக் கதவைக் குண்டு துளைக்காதபடி செய்து உள்ளே தாழ்ப்பாள் போட்டார்களே, அதைத்தான் நான் பெரிய காவல் என்பேன். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது பெட்டியில் இருந்த குண்டு. மறுவருடம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் போனதும் பெட்டிக் குண்டால்தான். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி அதை என்ன செய்யும்?

"ஆளைப் பார்த்தாலே தெரியாதா" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எருக்கஞ்சேரியில் இருந்துகொண்டு நீயா இதை எழுதுவது? ராத்திரி பத்து மணிக்கு நம் பையன்கள் வண்டியில் வந்தால் முகத்தைப் பார்த்துத்தானே போலீஸ்காரர்கள் ஓரங்கட்டச் சொல்கிறார்கள்? அந்த அவமானம் தெரிந்தவன் எழுதுகிற வரியா இது?

2005 டிசம்பரில் அமெரிக்காவில் மயாமி விமான நிலையத்தில் ஒருவர் கிளம்பவிருந்த விமானத்திலிருந்து பதறி வெளியே ஓடினார். அவருக்கு மனநோய். மனைவி பின்னாலேயே, அவருக்கு உடம்பு சரியில்லை என்று கத்திக்கொண்டு ஓடினார். குண்டு இருப்பதாக அந்த மனிதர் சொன்னார் என்றார்கள் விமானத்தில் இருந்த பாதுகாப்பு அதிகாரிகள். அப்படி எதுவும் காதில் விழவில்லை என்றார்கள் பயணிகள் பலர். அதிகாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பையில் குண்டு இல்லை. சுட்டவர்கள் நீ கேட்கிற அதே பயிற்சி பெற்ற அதிகாரிகள்தான், தம்பி. எந்தப் பயிற்சி? குறி பார்க்கும் பயிற்சியா, நோயாளியை அடையாளம் காணும் பயிற்சியா? இரண்டாவதை முதலில் கொடு, விமானப் பணிப்பெண்களுக்கும் சேர்த்துக் கொடு. அதன்பிறகு துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம்.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் என் சித்தப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் வாங்கிய மாத்திரையைச் சில நாள் விழுங்குவார், சில நாள் துப்பிவிடுவார். மீனம்பாக்கம் குண்டு வெடித்த மறுவாரம். பாரிமுனையிலிருந்து பல்லவன் பஸ்ஸில் அவரோடு வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பதினோரு வயது. திடீரென்று எழுந்து, "வண்டில குண்டு வெச்சிருக்கான், எல்லாரும் எறங்குங்க" என்று அலறினார். கையில் துணிப்பை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது சாப்பாட்டுத் தூக்கு. அதைத் திறந்து காட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. "புடிச்சி நாலு சாத்து சாத்துங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பையைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, "இன்னா நைனா, எங்க எறங்கணும்?" என்றார்.

"கல்மண்டபம்."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "ஸ்டாப் வந்தா நீயே ஊது. அதுவரைக்கும் வண்டி உன் பொறுப்பு." சித்தப்பா உட்கார்ந்தார். பையை என் மடியில் வைத்துவிட்டு விசிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கல்மண்டபம் வந்ததும் ஊதினார். டிரைவர் நிறுத்தினார். இறங்குவதற்கு முன் விசிலைச் சட்டையில் துடைத்து, கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்தார் சித்தப்பா.