காலையில் மட்டும் தயங்கும் கார்

கேள்வி: விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு)ப் புறப்படும்போது என் பழைய பெட்ரோல் கார் 10 விநாடி சுழன்ற பிறகே கிளம்புகிறது, பகலில் தொல்லையில்லை. பேட்டரி புதியது. பெட்ரோல் பம்பை மாற்றலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள், ஐயா. இயந்திரம் நன்றாகச் சுழன்றும் தாமதிப்பதால், எரிபொருள் குழாயின் அழுத்தம் இரவில் வடிந்துவிடுகிறது என்றே முதலில் ஐயுறுகிறேன். நாளைக் காலை சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, பம்பின் மெல்லிய இரைச்சல் ஏறக்குறைய 2 விநாடியில் அடங்கியதும் அணைத்து, இவ்வாறு 3 முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால் ஐயம் வலுக்கும். அப்போதும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: பெட்ரோல் திரும்பி வடியாமல் தடுக்கும், பம்பிலுள்ள ஒருவழி வால்வு கசியலாம், அல்லது இயந்திரத்துக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகலாம். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டரையே முதலில் பார்க்க வேண்டும். பட்டறையில் அழுத்தமானியைப் பொருத்தி, இயந்திரத்தை அணைத்தபின் முள் இறங்கும் வேகத்தை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.