20,000 படங்களுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: விடுமுறை நாள்களில் பறவைகளை ரா வடிவில் (கேமரா பதிவுசெய்யும் மூலத் தரவாகவே) படமெடுக்கிறேன். 20,000 படங்கள் சேர்ந்துவிட்டன. படத் திருத்த மென்பொருளான லைட்ரூமுக்குச் சந்தா கட்டலாமா, இலவச மென்பொருளே போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: திருத்தும் வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், நீங்கள் இடும் குறிச்சொற்களும் செய்யும் திருத்தங்களும் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஏனெனில் 2016-இல் கூகுள் தன் படத் தொகுப்பு மென்பொருளான பிகாசாவைக் கைவிட்டது போல எந்த மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகலாம். லைட்ரூம் கிளாசிக் திருத்தங்களைத் கேட்டலாக் எனும் தன் தரவுத்தளக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், ஆனால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி இயங்காது. பழகுவதற்கு லைட்ரூம்தான் எளிது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயினும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பவை, படங்களை வகைப்படுத்த டிஜிகேம், திருத்த டார்க்டேபிள், இரண்டும் இலவசம். டார்க்டேபிள் மூலக் கோப்பைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே அதே பெயரில் சிறிய எக்ஸ்எம்பி கோப்பு ஒன்றை எழுதிவைக்கும். நிழலில் அமர்ந்த மீன்கொத்தியின் கழுத்தை வெளிச்சமாக்க நீங்கள் நகர்த்திய அளவு அதில்தான் இருக்கிறது என்பதால், வேறு வட்டுக்கு நகலெடுக்கும்போது அதையும் மறவாமல் சேர்த்தெடுங்கள். இத்திருத்தங்களை லைட்ரூம் புரிந்துகொள்ளாது. ஆகவே சிறந்த படங்களை முழு அளவு டிஃப் (TIFF) வகைப் படக் கோப்புகளாகவும் சேமித்துவையுங்கள். முதலில் 200 படங்களை மட்டும் கொண்டு ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.