யார் செலவில் தவக்காலம்?

கேள்வி: என் கணவர் ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலத்துக்குக் கறி, மீன், டீ மூன்றையும் விட்டுவிட்டார். நான் காலையில் ஜவுளிக்கடை வேலைக்கு ஓட வேண்டியவள். அவருக்கு ஒரு குழம்பு, பிள்ளைகளுக்கு ஒரு குழம்பு. டீ குடிக்காததால் விடிந்ததும் எரிந்து விழுகிறார். கேட்டால் "இது என்னை நானே அடக்கும் ஒறுத்தல், நீ குறுக்கே வராதே" என்கிறார். தியாகம் செய்வது அவரா, நானா?
- ஒரு வாசகி, கோ.புதூர்

பதில்: நீங்கள்தான், அதில் என்ன சந்தேகம்! கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியை, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பை, கட்டாயமாக்கியிருப்பது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி ஆகிய 2 நாள்தான். சுத்தபோசனம் என்றால் கறி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. டீயை விடச் சொல்லி எங்கேயும் சட்டம் இல்லை. ஆசைப்பட்டு விடுகிறார், விடட்டும், நல்லதுதான். ஆனால் தாவீது அரசர் கதையை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கொள்ளைநோய் நிற்கப் பலிபீடம் கட்ட வந்தவரிடம், போரடிக்கும் களத்துக்காரர் இடம், மாடு, விறகு எல்லாமே சும்மா தருகிறேன் என்றார். செலவில்லாத பலியை என் கடவுளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி 50 வெள்ளிக்காசு எண்ணி வைத்துவிட்டுத்தான் தாவீது வேலையைத் தொடங்கினார் (2 சாமுவேல் 24). உங்கள் வீட்டில் விறகும் உழைப்பும் உங்களுடையது, பலி மட்டும் அவர் பேரில்!

நானும் ஒழுங்கில்லை. ஒரு வருடம் தவக்காலத்துக்கு ஜிகர்தண்டாவை விடுகிறேன் என்று வீட்டில் பெரிதாக அறிவித்தேன். விளக்குத்தூண் பக்கம் போய் அதைக் குடிப்பதே வருடத்துக்கு இரண்டு தடவை என்று என் மனைவி கணக்குச் சொன்னபிறகு வாயைத் திறக்கவில்லை.

அதனால் அவரிடம் சண்டை போடாமல் ஒன்று கேட்டுப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை உங்கள் குழம்பை நீங்களே வைக்கிறீர்களா, அப்படியே எங்களுக்கும் சேர்த்து? வெங்காயம் உரிப்பதும் ஒறுத்தல்தான். கோபம் தலைக்கேறும்போது வாயை அடக்குவது அதைவிடப் பெரிய ஒறுத்தல். அது முடியவில்லை என்றால் டீயைக் குடித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகரைப் போல ஒருவேளை உணவோடு இருந்தால்தான் உண்மையான தியாகமா? குடும்பஸ்தன் என்ன செய்வது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தத்துவ போதகர் என்கிற இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி 1606-ல் இங்கே வந்தார். இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை, கறியையும் மதுவையும் விட்டுவிட்டுக் காவி கட்டிச் சோறும் காய்கறியும் ஒருவேளை சாப்பிட்டார். நாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, படித்த பெரிய மனிதர் எழுத்துக் கூட்டும் பிள்ளை மாதிரி உட்கார்ந்து தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றதுதான். அவருடைய இந்தக் கோலத்தைச் சந்தேகப்பட்டுக் கூட இருந்த குருக்களே ரோமுக்குப் புகார் எழுதினார்கள், 1623-ல் திருத்தந்தை (போப்) தீர்ப்புச் சொல்லும்வரை அந்தச் சந்தேகத்தையும் சுமந்தார். அவரிடமும் குறை உண்டு, சாதிப் பாகுபாட்டைத் தொடாமல் அதற்கு இசைவாகவே போனார். நாம் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்! நாற்பது நாள் கறியை விடுகிறவர் மகனுக்குப் பெண் பார்க்கும்போது சாதியை விடுகிறாரா? குடும்பஸ்தனுக்கு வேலை அங்கே இருக்கிறது சார், ஒருவேளை சாப்பாட்டில் இல்லை.

கேள்வி: அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுபோவார். இப்போது உண்டியலில் பணம் போடுகிறோமே, பிடி அரிசி இன்னும் தேவையா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: பணம் மாதத்துக்கு ஒருமுறை கையை விட்டுப் போகும், பிடி அரிசி என்றால் தினமும் உலை வைக்கும் நேரத்தில் இன்னொருவர் பசி ஞாபகத்துக்கு வரும். தொடருங்கள். ஒன்றே ஒன்று, வீட்டில் பொன்னி அரிசி பொங்கிக்கொண்டு, பானையில் போட மட்டும் ரேஷன் அரிசி மூட்டையைத் திறக்காதீர்கள்.